கான்கிரீட் போடும் முன்பே தீர்மானம்: கட்டுமானத் திட்டங்களில் முடிவுகளையும் தொழில்நுட்பத்தையும் கால ஒழுங்கில் அமைப்பது எப்படி

கட்டுமானத் திட்டம் ஒன்றில் வேலை நின்றுபோன நாட்களைப் பிரித்துப் பார்த்தால், ஆள் வராத நாள், பொருள் வராத நாள், மழை பெய்த நாள் ஆகியவை போக, யாரோ ஒருவர் சொல்ல வேண்டிய பதில் வராததால் நின்ற நாட்கள் தனிக் கணக்காகத் தேறும். வேலைகளுக்குக் கால அட்டவணை போடாத நிறுவனம் இன்று இல்லை. ஆனால் அந்த வேலைகள் காத்திருக்கும் முடிவுகளுக்கு அட்டவணை போடும் நிறுவனங்கள் மிகக் குறைவு. இந்தக் குறை இருக்கும் இடத்தில் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தால் நிலைமை பெரும்பாலும் மோசமாகிறது. ஏனென்றால் முன்வார்ப்பு (கான்கிரீட் கூறுகளை வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது), அலுமினிய ஷட்டரிங் (கான்கிரீட்டை ஊற்றும் அலுமினிய அச்சுப் பலகைகள்), முப்பரிமாணக் கட்டடத் தகவல் மாதிரி (கட்டடத்தைக் கணினியில் முழுமையாக உருவாக்கிப் பார்ப்பது) என்று எதை எடுத்தாலும், அது முன்பு பிற்பாடு எடுக்கப்பட்ட முடிவுகளை முன்னே இழுத்துக்கொண்டு வருகிறது. எனவே ஒரு தொழில்நுட்பத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு முன்னால், அது கேட்கும் நாளுக்குள் நம்மால் முடிவெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது: முதலில் முடிவுகள், பிறகு கருவிகள்.

முடிவுகளைப் பின்னோக்கி எண்ணுதல்

வடிவமைப்புத் தொடங்கும்போதே முடிவுப் பதிவேடு ஒன்றைத் திறக்க வேண்டும். சாதாரண விரிதாள் இதற்குப் போதும். ஒவ்வொரு வரியிலும் எந்த முடிவு, அதை எடுப்பவர் யார், அவருக்குத் தேவையான தகவல் எது, அந்தத் தகவலைத் தருபவர் யார், எந்த நாளுக்குள் முடிவு வேண்டும், அந்த நாளைத் தீர்மானிக்கும் வேலை எது என்பவை இருக்க வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும்தான் கடினமானவை, பலரும் தவறவிடுபவையும் அவையே.

லிஃப்டை எடுத்துக்கொள்வோம். 50-ஆம் வாரத்தில் லிஃப்ட் பொருத்தத் தொடங்க வேண்டும், தயாரிப்பாளர் அதைச் செய்து அனுப்ப 20 வாரம் ஆகும், வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தர 4 வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 26-ஆம் வாரத்தில் தேர்வு முடிந்திருந்தால் போதும் என்று கணக்கு வரும். கொள்முதல் பிரிவு இந்தக் கணக்கைத்தான் போடும். ஆனால் லிஃப்டின் அடிக்குழி ஆழம் அடித்தளக் கான்கிரீட்டோடு சேர்ந்து தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் கான்கிரீட் 6-ஆம் வாரத்தில் போடப்படுவதாக இருந்து, கம்பி வெட்டி வளைக்க 2 வாரத்துக்கு முன் வரைபடம் வேண்டும், கட்டமைப்புப் பொறியாளருக்கு அதற்கும் முன் 2 வாரம் வேண்டும் என்றால், குழியின் அளவு 2-ஆம் வாரத்திலேயே தெரிந்தாக வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு கெடு நாட்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே 24 வார இடைவெளியும் இருக்கிறது. முந்திய நாளைக் கவனிக்காதவர், பின்னால் லிஃப்டைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டி முடித்த குழிக்குள் அடங்குவது எது என்று தேட வேண்டியிருக்கும்.

இதற்காக 2-ஆம் வாரத்திலேயே தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பதில்லை. முடிவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏற்கத்தக்க இரண்டு மூன்று தயாரிப்பாளர்களிடம் குழி ஆழம், கூண்டின் உள்ளளவு, கடைசி மாடிக்கு மேல் விட வேண்டிய உயரம், மின்சுமை ஆகியவற்றை மட்டும் எழுத்தில் வாங்கி, அனைவருக்கும் பொருந்தும் பெரிய அளவுக்கு வடிவமைத்துவிட்டால், விலைப் பேச்சுக்கு நேரம் கிடைக்கிறது. பெரிய முடிவுகளை இப்படி ‘இப்போது கட்டாயம் வேண்டிய பகுதி’, ‘பிறகு போதுமான பகுதி’ என்று பிரிப்பது ஒரு திட்ட மேலாளர் கற்றுக்கொள்ள வேண்டிய மிகப் பயனுள்ள பழக்கம் என்பது என் கருத்து.

இதே முறையில் கண்ணாடி வெளிச்சுவரை ஆராய்ந்தால், அதைத் தாங்கும் இரும்புப் பதிப்புகள் தள விளிம்பில் கான்கிரீட்டோடு பதிக்கப்பட வேண்டியவை என்பதால், அந்த முடிவின் நாள் கண்ணாடி வரும் நாளோடு அல்லாமல் முதல் மாடித் தளம் போடும் நாளோடு கட்டுண்டிருப்பது தெரியும். குளியலறைத் தளத்தை எவ்வளவு தாழ்த்துவது, விட்டங்களின் ஊடே குழாய் செல்லும் துளைகளை எங்கே விடுவது, கனமான இயந்திரங்கள் எந்த மாடியில் நிற்கப்போகின்றன ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. பதிவேட்டை நிரப்பும்போது ஒவ்வொரு பொருளிடமும் “இது பொருத்தப்படுவது எப்போது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இதற்காக வேறு எதில் இடம் விட வேண்டும், அது எப்போது மூடப்படும்?” என்றும் கேட்க வேண்டும்.

முடிவுகளின் வரிசை குலைந்தால் என்ன நேரும் என்பதற்குச் சிட்னி ஓபரா ஹவுஸ் உலகறிந்த சான்று. அங்கே 1959-இல் அடிப்பீடத்தின் வேலை தொடங்கியபோது, மேலே வரவேண்டிய, சிப்பி ஓடு போன்று வளைந்த கூரைகளின் வடிவியல் தீர்மானமாகியிருக்கவில்லை. கூரைகளை ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைக்கலாம் என்ற தீர்வு 1961-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. அதற்குள் எழுந்துவிட்ட தூண்கள் புதிய சுமைக்குப் போதாமல் மீண்டும் கட்டப்பட வேண்டியதாயிற்று. 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்ட வேலை 102 மில்லியனில் முடிந்தது. 1963-இல் முடிய வேண்டியது 1973-இல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தின் அழகை யாரும் மறுக்க முடியாது. கீழே இருப்பதைக் கட்டும் முன் மேலே வருவதன் எடையையாவது உறுதிசெய்திருக்க வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது.

எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுவது

எல்லா முடிவுகளையும் ஒரே அளவு கவனத்தோடு எடுக்க நேரம் இருக்காது. எனவே பதிவேட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதைப் பின்னால் மாற்ற வேண்டி வந்தால் என்ன உடைபடும் என்று ஒரு வரி எழுதுங்கள். சுவரின் நிறத்தை மாற்றினால் வண்ணக்கூலி போகும். கதவின் இடத்தை மாற்றினால் செங்கல் சுவரில் ஓரளவு இடிபாடு. முன்விசையூட்டிய கான்கிரீட் தளத்தில் பின்னால் துளை போட வேண்டுமானால், உள்ளே இழுவிசையில் இருக்கும் கம்பிவடத்தை அறுத்துவிடும் அபாயம் உண்டு என்பதால், ஸ்கேன் செய்யும் கருவியால் அவற்றின் இடத்தைக் கண்டறிந்து, பொறியாளரின் கணக்கும் பெற்ற பிறகே தொட முடியும். அடித்தளத்தின் வகையை மாற்றுவது அநேகமாக நடக்கக்கூடிய காரியமே அல்ல.

கட்டுமானப் பொறியியல் ஆய்வாளர் பாய்ட் பால்சன் 1976-இல் ஒரு வளைகோட்டின் மூலம் இந்தத் தன்மையை விளக்கினார். திட்டம் முன்னேற முன்னேற, மொத்தச் செலவின் மீது ஒரு முடிவுக்கு இருக்கும் செல்வாக்குச் சரிந்துகொண்டே வரும். செலவான தொகை ஏறிக்கொண்டே போகும். நடைமுறையில் மேலாளர்களின் கவனமோ இதற்கு நேர் எதிராகச் செல்கிறது. மண் ஆய்வு அறிக்கைக்கு ஒரு மணி நேரமும் வரவேற்பறைக் கல்லின் நிறத்துக்கு நான்கு கூட்டங்களும் ஒதுக்கப்படுகின்றன. மாற்ற முடியாதவற்றுக்கு நிபுணர் கருத்து, இரண்டாவது சரிபார்ப்பு, எழுத்துபூர்வமான ஒப்புதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். எளிதில் மாற்றக்கூடியவற்றைப் பணியிடப் பொறியாளரே அன்றே தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முடிவைச் சீக்கிரம் எடுப்பதே எப்போதும் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தகவல் முழுமையடையும் முன் அவசரப்பட்டு எடுத்த முடிவு பின்னால் உடைக்கப்படும். அது தாமதத்தைவிடச் செலவு மிக்கது. பின்னோக்கி எண்ணிக் கிடைத்த நாள் வரை இரண்டு வழிகளையும் உயிரோடு வைத்திருந்து, அந்த நாளில் ஒன்றைக் கைவிடுவதே சரியான ஒழுங்கு.

தொழில்நுட்பம் எந்த முடிவுகளை முன்னே இழுக்கிறது

ஒரு தொழில்நுட்பத்தை விற்க வருபவர் அது மிச்சப்படுத்தும் நேரத்தைப் பற்றிப் பேசுவார். அவரிடம் நாம் கேட்க வேண்டியது, அந்த நேரம் மிச்சமாக நம் தரப்பில் எவையெல்லாம் எப்போது முடிவாகியிருக்க வேண்டும் என்பதே.

அலுமினிய ஷட்டரிங்கில் இது மிகத் தெளிவாகத் தெரியும். சுவர்களும் தளமும் ஒரே வார்ப்பில் கான்கிரீட்டாக எழுகின்றன; ஒரே அமைப்புள்ள மாடிகள் பல இருந்தால் வேகம் கணிசமாகக் கூடுகிறது; நன்கு பராமரித்தால் அதே பலகைகளை நூறு முறைக்கும் மேல் பயன்படுத்தலாம். ஆனால் பலகைகள் அந்தக் கட்டடத்தின் அளவுக்கென்றே செய்யப்படுபவை. அவற்றுக்கு ஆர்டர் கொடுக்கும் நாளில் அறைகளின் அளவு, சன்னல்களின் இடம், கதவு உயரம், தளத் தடிப்பு ஆகிய அனைத்தும் இறுதியாகிவிட வேண்டும். சுவர் கான்கிரீட்டாக இருப்பதால் மின்குழாய்களும் சுவிட்சுப் பெட்டிகளும் வார்ப்புக்கு முன்பே உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். செங்கல் சுவரைப்போலப் பின்னால் வெட்டிப் பதிக்க வழியில்லை. ஆகவே, சமையலறையில் குளிர்பதனப் பெட்டி எந்தப் பக்கம் நிற்கும் என்ற கேள்விக்கு, பழைய முறையில் பூச்சு வேலை வரை விடை தேவைப்படாது. இம்முறையில் முதல் மாடிக்கு ஷட்டரிங் நிறுத்தும் முன்பே விடை வேண்டும். உள்ளமைப்பு வடிவமைப்பாளரை ஒரு வருடம் கழித்து நியமிக்கும் பழக்கமுள்ள நிறுவனம் இம்முறையைத் தேர்ந்தெடுத்தால், வேகமாக எழும் சுவர்களைத் தானே துளைத்துக்கொண்டிருக்கும். மாடிக்கு மாடி அமைப்பு மாறும் கட்டடத்துக்கும், விற்பனை நடக்க நடக்க வீட்டின் அளவை மாற்றும் திட்டத்துக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்வார்ப்புக் கூறுகளிலும் இதே தர்க்கம்தான். கூடுதலாக, தூக்கும் கிரேனின் திறன், அது நிற்கும் இடம், பாதையின் வளைவு ஆகியவை கூறுகளின் எடையையும் நீளத்தையும் கட்டுப்படுத்துவதால், வடிவமைப்பாளரும் கட்டி எழுப்புபவரும் தொடக்கத்திலேயே ஒன்றாக அமர வேண்டும். ஒப்பந்ததாரரை வடிவமைப்பு முடிந்த பிறகே தேர்ந்தெடுக்கும் கொள்முதல் முறை இதற்கு ஒத்துவராது. தொழில்நுட்பத்தை மாற்றும்போது ஒப்பந்த முறையையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தொழில்நுட்ப முடிவைத் தாமதமாக எடுத்ததன் விளைவுக்கு டென்வர் விமான நிலையம் எடுத்துக்காட்டு. அங்கே முழுத் தானியங்கிப் பெட்டி கையாளும் அமைப்பைச் செய்வதென்ற முடிவு, கட்டடத்தின் வடிவம் உறுதியாகி வேலையும் நடந்துகொண்டிருந்தபோது, திறப்பு நாளுக்கு மிகக் குறைந்த கால இடைவெளியில் எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வகுக்கப்பட்ட சுரங்கங்களுக்கும் வளைவுகளுக்கும் ஏற்ப அந்தச் சிக்கலான அமைப்பை வளைக்க வேண்டியிருந்தது. 1993 அக்டோபரில் திறக்கத் திட்டமிட்ட நிலையம், 16 மாதத் தாமதத்துக்குப் பின் 1995 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எஞ்சிய தானியங்கிப் பகுதியும் 2005-இல் கைவிடப்பட்டது.

முப்பரிமாணக் கட்டடத் தகவல் மாதிரியைப் பொறுத்தவரை, குழாயும் விட்டமும் மோதுமிடங்களைக் கணினியில் கண்டுபிடிப்பது அதன் பயன்களில் ஒன்று. ஆனால் மோதலைக் கண்டுபிடிப்பதும் தீர்ப்பதும் வெவ்வேறு வேலைகள். ஆயிரக்கணக்கான மோதல்களை அச்சிட்டு வைத்துக்கொண்டு, குளிர்காற்றுக் குழாய் தாழ்வதா வடிகால் குழாய் நகர்வதா என்று சொல்ல அதிகாரமுள்ள யாரும் கூட்டத்தில் இல்லாத நிலையைப் பல திட்டங்களில் காணலாம். எனவே மாதிரியை உருவாக்கப் பணம் ஒதுக்கும்போதே இரண்டு விதிகளை எழுதிவிடுங்கள். எந்தச் சேவைக்கு எந்த உயரப் பட்டையில் முன்னுரிமை என்பது ஒன்று. சாய்வு தேவைப்படும் வடிகால் குழாய்க்கு வளைந்துகொடுக்க வழி குறைவு என்பதால் அதற்கு முதலிடம் தருவது பொதுவான வழக்கம். ஒரு மோதலை இத்தனை நாளுக்குள் தீர்க்காவிட்டால் அது யாரிடம் போகும் என்பது மற்றொன்று. மாதிரியை எந்தத் திறந்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள்; ‘ஐ.எஃப்.சி.’ எனப்படும் வடிவம் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பன்னாட்டுத் தரமாக இருப்பதால், ஒரே மென்பொருள் நிறுவனத்தோடு காலமெல்லாம் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

அளவிடும் கருவிகளுக்கு வேறொரு சோதனை போதும்: இது காட்டும் எண்ணைப் பார்த்து நாம் எந்த முடிவை மாற்றுவோம்? கான்கிரீட்டுக்குள் வைக்கும் வெப்ப உணரியைப் பாருங்கள். வெப்ப வரலாற்றிலிருந்து கான்கிரீட்டின் வலிமையைக் கணிக்கும் முதிர்ச்சி முறை நன்கு நிறுவப்பட்டது. கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் மதிப்பிடுவது வழக்கம் என்றாலும், முட்டுகளை எப்போது எடுப்பது என்ற முடிவு அதற்கு மிகவும் முன்பே வருகிறது. இத்தனை நாள் கழித்து எடு என்ற நிலையான விதி குளிர்காலத்தில் ஆபத்தாகவும் வெப்பமான பருவத்தில் வீண் காத்திருப்பாகவும் இருக்கக்கூடும்; உணரி அங்கே உண்மையில் உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு கலவைக்கும் ஆய்வகத்தில் மாதிரிகளை உடைத்து, வெப்ப வரலாற்றுக்கும் வலிமைக்கும் இடையிலான தனி அளவுத்தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சிமெண்டோ வேதிக் கலப்போ மாறினால் அந்தத் தொடர்பு செல்லாது. மேலும், வலிமையை வைத்து முட்டுகளை எடுக்கலாம் என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை உணரி வெறும் காட்சிப் பொருளே. இந்தச் சோதனையில் தேறாத கருவியை, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

ட்ரோன் மூலம் மண்வேலையின் கன அளவை அளப்பது இந்தச் சோதனையில் எளிதில் தேறும். மாதாந்திரப் பட்டுவாடாத் தொகையை அது நேரடியாகப் பாதிக்கிறது. தரையில் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருக்க வேண்டும் என்பதும், இரு தரப்பும் ஒரே அளவீட்டை ஏற்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அதற்கான நிபந்தனைகள். சுவரையும் கூரைப்பலகையையும் மூடும் முன் எடுக்கும் ஒழுங்கான புகைப்படப் பதிவும் அதேபோல எளிதில் தேறும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, நீண்ட ஒப்பந்தங்களில் முரணான விதிகளைத் தேடவும், அட்டவணையில் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டவும் பயன்படுத்தலாம். அவை தருவனவற்றை விசாரிக்க வேண்டிய கேள்விகளாக மட்டும் கருதி, கட்டமைப்புப் பாதுகாப்பு குறித்த எந்த முடிவையும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் பொறியாளரிடமே விட்டுவிட வேண்டும்.

வழிகளை எடைபோடுதல்

இரண்டு மூன்று வழிகள் முன்னே இருக்கும்போது, காரணிகளுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் அட்டவணை எங்கும் பழக்கத்தில் இருக்கிறது. பாதுகாப்புக்கு 40, வேகத்துக்கு 30, தோற்றத்துக்கு 10 என்று பொதுவாக எடை கொடுத்துவிட்டுப் பிறகு மதிப்பெண் போடுவார்கள். மூன்று வழிகளும் பாதுகாப்பில் சமமாக இருந்தால் அந்த 40-க்கு இந்தத் தேர்வில் எந்த வேலையும் இல்லை என்பதை அட்டவணை மறைத்துவிடுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஜிம் சூர் வகுத்த, அனுகூலங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை இதைச் சரிசெய்கிறது. அதில் காரணிகளுக்கு எடை கிடையாது. வழிகளுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடுகளுக்கு மட்டுமே எடை. விலை தனியே நிறுத்தப்பட்டுக் கடைசியில்தான் உள்ளே வரும்.

விட்டமுள்ள தளமா, விட்டமில்லாத சமதளமா என்ற தேர்வில் இதைச் செய்து பார்க்கலாம். சமதளத்தில் மாடி உயரத்தைக் குறைக்கலாம், குழாய்கள் தடையின்றி ஓடும், ஷட்டரிங் எளிது. விட்டமுள்ள தளத்தில் சுமையால் தூண் தளத்தைத் துளைத்துவிடும் அபாயம் பெரிய கவலையாக இராது, பொருளும் குறையலாம். ஒவ்வொரு வேறுபாட்டையும் அளவோடு எழுதுங்கள்: மாடிக்கு இத்தனை சென்டிமீட்டர், தளத்துக்கு இத்தனை நாள். பிறகு இந்தத் திட்டத்துக்கு இவற்றில் மிக முக்கியமான வேறுபாடு எது என்று அனைவரும் சேர்ந்து தீர்மானித்து, அதற்கு 100 கொடுத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். உயரக் கட்டுப்பாடு உள்ள மனையில் சென்டிமீட்டர் வெல்லும். இரண்டு மாடிக் கிடங்கில் அதற்கு மதிப்பே இருக்காது. விடை திட்டத்துக்குத் திட்டம் மாறுவது இந்த முறையின் நேர்மையைக் காட்டுகிறது.

காலத்தையும் செலவையும் மதிப்பிடும்போது உள்ளிருந்து மட்டும் கணக்கிடாதீர்கள். பென்ட் ஃபிளூபியாவும் அவருடைய குழுவினரும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துக் கட்டுமானத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது திட்டங்களின் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. ரயில் திட்டங்களில் உண்மைச் செலவு மதிப்பீட்டைச் சராசரியாக 45 சதவீதம் தாண்டியிருந்தது. உங்கள் நிறுவனம் முடித்த இதே வகைத் திட்டங்களில் முதல் மதிப்பீட்டுக்கும் இறுதிச் செலவுக்கும் இருந்த விகிதத்தை எடுத்து, புதிய மதிப்பீட்டின் அருகில் வைத்துப் பாருங்கள். “இந்த முறை அப்படி நடக்காது” என்று யாராவது சொன்னால், எந்தக் காரணத்தால் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

யார் முடிவெடுப்பது, யார் நிறுத்துவது

1907 ஆகஸ்டு 29 அன்று, கனடாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்து 75 பேர் இறந்தார்கள். நடு இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டபோது பாலத்தின் சொந்த எடை உரிய முறையில் மறுகணக்கிடப்படவில்லை. கீழ்ப்பகுதி உருக்கு உறுப்புகள் வளைவதைப் பணியிடத்தில் இருந்தவர்கள் சரிவுக்கு முன்பே அளந்து எழுதியிருந்தார்கள். ஆனால் தொழில்நுட்ப அதிகாரம் முழுவதும் தொலைவில் நியூயார்க்கில் இருந்த ஆலோசனைப் பொறியாளர் தியோடோர் கூப்பரிடம் இருந்தது. வேலையை நிறுத்தும் துணிவோ அதிகாரமோ பாலத்தின் மேல் நின்ற யாரிடமும் இல்லை. இனிச் சுமை ஏற்ற வேண்டாம் என்று அவர் அனுப்பிய தந்தி உருக்கு நிறுவனத்துக்குச் சென்றது. பாலத்தில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே பாலம் வீழ்ந்தது. தகவல் இருந்தது, அறிவும் இருந்தது. அவை இருந்த இடத்தில் அதிகாரம் இல்லை. எனவே உங்கள் அதிகாரப் பட்டியலில் செலவு வரம்புகளை எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த அறிகுறியைக் கண்டால் எவரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம் என்பதையும் எழுதிவையுங்கள். மேஸ்திரிக்கும் மேற்பார்வையாளருக்கும் அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். அப்படி நிறுத்தியவரின் ஐயம் பிறகு தவறென்று தெரிந்தாலும், அவருக்கு ஒரு கெடுதலும் நேரக் கூடாது.

சிறு மாற்றம் என்று தோன்றுவதில்தான் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஒரு விடுதியின் உள்முற்றத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கிய இரு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே தண்டு இரண்டு நடைபாதைகளையும் தாங்குவதாக இருந்த வடிவமைப்பு, பொருத்துவதற்கு எளிதாக இருக்கும் என்று இரண்டு தண்டுகளாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தால் மேல் நடைபாதையின் இணைப்பு, கீழ் நடைபாதையின் சுமையையும் சேர்த்து இரு மடங்கு தாங்க வேண்டியதாயிற்று; மூல வடிவமைப்பின் இணைப்பே விதிமுறை கோரிய வலிமையை எட்டியிருக்கவில்லை. உறுப்புகளைப் பட்டறையில் செய்வதற்கான வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தது. மாறிய இணைப்பை மட்டும் எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைப் படிவத்திலும், “இதனால் சுமை செல்லும் பாதை மாறுகிறதா?” என்ற கேள்வி இருக்க வேண்டும். ஆம் என்றாலோ தெரியாது என்றாலோ, கணக்கீட்டுத் தாள் இணைக்கப்படாமல் ஒப்புதல் முத்திரை விழக் கூடாது.

வாரந்தோறும்

முடிவுப் பதிவேடு அலமாரியில் உறங்கினால் பயனில்லை. 1990-களில் கிளென் பலார்டும் கிரெக் ஹொவெலும் வளர்த்த, வேலையைச் செய்பவரே இறுதித் திட்டத்தை வகுக்கும் முறை இதற்கு நல்ல கட்டமைப்பைத் தருகிறது. அடுத்த ஆறு வாரத்து வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதைத் தொடங்கத் தடையாக இருப்பது என்ன என்று கேட்க வேண்டும்: வரைபடமா, பொருளா, ஆளா, முந்திய வேலையா, ஒப்புதலா? தடை நீங்கிய வேலையை மட்டுமே அடுத்த வாரம் முடிப்பதாக வாக்குறுதி தரலாம். வார இறுதியில் 40 வாக்குறுதிகளில் 26 நிறைவேறினால் 65 சதவீதம். நிறைவேறாத 14-க்கும் காரணத்தை ஒரே சொல்லில் குறித்து வாருங்கள். சில வாரங்களில் ‘முடிவு வரவில்லை’ என்பது எத்தனை முறை வருகிறது என்பதும், அது யாருடைய மேசையில் நிற்கிறது என்பதும் மறுக்க முடியாத வடிவில் தெரிந்துவிடும். உரிமையாளரிடம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. இந்தச் சதவீதத்தை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் அடுத்த வாரமே எல்லோரும் குறைவாக வாக்குறுதி தந்து நூறு சதவீதம் காட்டுவார்கள்.

தகவல் ஒழுங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 தரம் ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு நிலைகளை வகுக்கிறது: தயாரிப்பில் இருப்பது, மற்றவர்களோடு பகிர்ந்தது, பயன்பாட்டுக்கு வெளியிட்டது, ஆவணமாகச் சேமித்தது. விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமலேயே இதைக் கடைப்பிடிக்கலாம். பயன்பாட்டுக்கு வெளியிடாத வரைபடம் பணியிடத்துக்குள் வரக் கூடாது. புதிய திருத்த எண் வந்த அன்றே பழைய தாள் கம்பி வளைப்பவரிடமிருந்து திரும்ப வாங்கப்பட வேண்டும். உரையாடல் செயலியில் வந்த படத்தைப் பார்த்துக் கான்கிரீட் போடக் கூடாது.

எடுத்த முடிவை அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: என்ன முடிவு, ஒதுக்கப்பட்ட வழிகள் யாவை, ஏன், எந்த அனுமானத்தின் மேல், யார், எந்த நாளில். எந்த நிலை மாறினால் இதை மீண்டும் திறக்க வேண்டும் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிலத்தடி நீர்மட்டம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே இருக்கும் என்ற அனுமானத்தில் அடித்தள நீர்த்தடுப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், தோண்டும்போது நீர் அதற்கு மேலே வந்த அன்று, அந்தத் தேர்வு தானாகவே மறுபரிசீலனைக்கு வர வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், ஆலோசகர் மாறி, மேலாளர் மாறிய பிறகு, அனுமானம் பொய்த்தது யாருக்கும் உறைக்காது.

நடுவில் இருக்கும் திட்டத்தில் தொடங்குவதானால்

முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். அடுத்த ஆறு வாரத்தில் எந்தெந்தக் கான்கிரீட் போடப்படும், எந்தெந்தச் சுவரும் கூரைப்பலகையும் மூடப்படும் என்று மட்டும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே புதைந்துபோகும் பொருட்களை மின் பொறியாளர், குழாய் வேலைக்காரர், வெளிச்சுவர் ஒப்பந்ததாரர் ஆகியோருடன் ஒரே மேசையில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். விடை தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவரின் பெயரையும் ஒரு நாளையும் இட்டு, அன்று மாலையே உரிமையாளருக்கு அனுப்புங்கள். பதில் வராத நிலையில் அந்தக் கான்கிரீட்டைப் போடுவதா, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவைத்துப் போடுவதா, நிறுத்துவதா என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டு, எந்த நாளில் எது நடக்கும் என்று தெரிவித்துவிடுங்கள். அடுத்த வாரம் ஏழாவது வாரத்தைச் சேர்த்துக்கொண்டு பட்டியலைத் தொடருங்கள்.